களத்துக்கு வெளியே ஒரு கமரா

தொண்ணூறுகளின் நடுவில் மாத்தளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கலாசாரப் பிரிவில் எனக்கு வேலை. ஊர்வழக்கங்களைப் படமாக்கும் தனி ஆட்களுக்கு உதவ ஒரு வெளிநாட்டு நிதியம் முன்வந்தது. யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் சிறு குழுவில் நானும் இருந்தேன்.

விண்ணப்பித்தவர்களில் ஒருவர் டவுனில் கலியாண வீடியோ எடுக்கும் முஸ்லிம்காரர்; அண்ணன் என்ற பொருளில் எல்லோருக்கும் அவர் 'நானா'. லக்கலப் பக்கத்துச் சிங்கள விவசாயிகள் சூடு மிதிக்கும், அதாவது மாடுகளை நடத்தி நெல்லைப் பிரிக்கும், களத்தில் மட்டும் பேசும் தனிப் பாஷையைப் படமெடுக்க ஆசைப்பட்டார். களத்தில் கால் வைத்தால் மாட்டுக்கு வேறு பெயர், நெல்லுக்கு வேறு பெயர், சோற்றுக்கும் வேறு பெயர். வழக்கமான சொல் வாயில் வந்தால் விளைச்சல் குறையும் என்று நம்பினார்கள்.

"மாப்பிள்ளை, பொண்ணு எடுக்கிறவருக்கு இதெல்லாம் சரிவருமாங்க?" என்றார் எங்கள் குழுவில் ஒருவர்.

"கலியாண வீட்டுல யாரு எப்ப அழுவாங்கன்னு பார்த்துக்கிட்டே நிக்கிறவன் சார் நான். களத்திலயும் அப்படித்தான் நிப்பேன்" என்றார் நானா. எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. அவருக்கே கொடுத்தோம்.

அறுவடைக் காலத்தில் அவரோடு நானும் லக்கலவுக்குப் புறப்பட்டேன். போர்க்காலம்; வழியில் சோதனைச் சாவடி. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததால் என்னை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். மாத்தளையில் வளர்ந்த எனக்குச் சிங்களம் தடங்கலில்லாமல் வந்தது. அதுவே சிப்பாயின் சந்தேகத்தைக் கூட்டியது. நானாவும் கமராப் பையோடு இறங்கிவிட்டார்.

"நீங்க போங்க நானா, இதை விட்டா இன்னிக்கு வேற பஸ் இல்லை."

"உங்களை இங்க விட்டுட்டு அங்க போய் நான் என்னத்தை எடுக்க, மிஸ்?"

பஸ் போய்விட்டது. வெயிலில் உட்கார்ந்திருந்தோம். பிற்பகலில், நாங்கள் படமெடுக்கவிருந்த வயல்காரரின் மனைவி, பஸ்ஸில் நாங்கள் வராததைக் கண்டு, கொழுந்தன் ஓட்டிய லேண்ட்மாஸ்டர் டிராக்டரில் எங்களைத் தேடி வந்தாள். நேரே சிப்பாயிடம் போனாள். "மகனே, இவங்க எங்க வீட்டு விருந்தாளிங்க. சோறு ஆறிப்போகுது" என்றாள் சிங்களத்தில். அவன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அட்டையைத் தந்தான். வண்டியில் ஏறினோம். ஊர் வந்து சேரும்வரை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் களத்தில் கமராவுக்குப் பெயர் தேட வேண்டியிருந்தது. ஆண்கள் கூடிப் பேசி அதற்குப் 'பெரிய கண்' என்று பெயர் வைத்து நானாவை உள்ளே விட்டார்கள். பெண்களுக்கு அனுமதி இல்லை. நான் சமையல் நடந்த மாமரத்தடியில் அவர்களோடு உட்கார்ந்துகொண்டேன்.

சற்று நேரத்தில் ஓர் இளைஞன் மாட்டை அதட்டும்போது வழக்கமான சொல்லைச் சொல்லிவிட்டான். ஆண்கள் திகைத்து நின்றார்கள். மரத்தடியிலிருந்து பெண்கள் மாட்டின் களத்துப் பெயரை ஒரே குரலில் கத்தினார்கள்: "அம்பருவா!" களமே சிரித்தது. நானா கமராவை எங்கள் பக்கம் திருப்பினார்.

"உள்ளேயே விடமாட்டாங்களே, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

வயல்காரரின் மனைவி தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்: "காலுக்குத்தானே தடை? காதுக்கு இல்லையே."

அதற்குப் பிறகு நானா பாதி நேரம் மரத்தடியிலேயே இருந்தார். பெண்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொற்களைச் சொன்னார்கள்.

படத்தைப் பார்த்த நிதியம், பெண்கள் வரும் பகுதி முதலில் சொன்ன திட்டத்தில் இல்லை, அதை வெட்ட வேண்டும் என்றது. நானா முகம் வாடி வந்தார். "அதை வெட்டினா மிச்சம் வெறும் வைக்கோல்தான், மிஸ்." முன்பு சந்தேகப்பட்ட அதே குழு உறுப்பினர்தான் அன்று எல்லோரையும்விடச் சத்தமாக நானாவுக்காகப் பேசினார். நாங்கள் விடாமல் வாதாடியதில் நிதியம் அரைமனதாக இறங்கி வந்தது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஜெனரேட்டர் வைத்துப் படத்தைக் காட்டினோம். இளைஞன் தடுமாறும் இடம் வந்ததும் மொத்தக் கூட்டமும் சரியான சொல்லைக் கூவியது. அவனும் சேர்ந்து கூவினான். "என் குரல் இவ்வளவு கரகரப்பா?" என்று வயல்காரரின் மனைவி வெட்கப்பட்டாள். ஆனாலும் மறுபடி போடச் சொன்னவள் அவள்தான். எண்ணெய் தீரும்வரை போட்டோம்.

அன்றிரவு வயல்காரரின் வீட்டிலேயே சாப்பிட்டோம். உற்சாகத்தில் இருந்த வயல்காரர் களத்துப் பாஷையில் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

"இது அடுப்படி. இங்க என் பாஷையில கேளுங்க" என்றாள் மனைவி.

அவர் வழக்கமான சொல்லுக்கு மாற்றிச் சோறு கேட்டார்.