ஜீயபுரத்துக் கிணறும் மூன்று ஃபியூஸ் கட்டைகளும்

“…அப்புறம் வருத்தப்படக் கூடாது தம்பி, இப்பவே சொல்லிட்டேன். கரண்டு வந்துச்சுன்னா கயித்தை மூணு தரம் இழுப்பேன். நூறு எண்ணுவேன். நூத்தி ஒண்ணுல, நீங்க உள்ள இருந்தாலும் சரி வெளிய இருந்தாலும் சரி, மோட்டாரைப் போட்டுருவேன்” என்றார் தங்கம்மாள்.

ஜீயபுரத்தில் அவருடைய கிணற்றின் மேல்படியில் நான் நின்றிருந்தேன். முதுகில் காற்று சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட், மேலே இருப்பவர் பிடித்துக்கொள்ளும் கயிறு. பக்கத்தில் சூப்பர்வைசர் சந்தானம் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார். கிணற்றடியில் முப்பது நிமிஷத்துக்குள் அவர் கொடுக்கும் வேலையை முடித்தால், அணை ஷட்டர்களைத் தண்ணீருக்கு அடியில் பழுது பார்க்கும் உத்தியோகம் எனக்கு. முடிக்காவிட்டால் பழையபடி பட்டறைதான். தங்கம்மாளுக்கோ டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. தார் தள்ளிய வாழை அத்தனையும் இலை மடங்கி நின்றது. லைன்மேன் அன்றைக்குக் கரண்டு வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இருந்தது ஒரு கிணறு. அவருக்கும் வேண்டும், எனக்கும் வேண்டும்.

அந்தப் படிக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போதும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள், “சார், அதிகம் செலவில்லாம டைவிங் எங்க கத்துக்கலாம்?” என்று. நானும் ஒரு சிநேகிதரும் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு அதைத்தான் தேடினோம்.

1. திருச்சியில் ஆழம் தேடியது

எழுபதுகளின் கடைசி. மன்னார்புரம் பக்கத்தில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். தொழிற்சாலைத் தீயணைப்பு ஆட்கள் புகைக்குள் போகும்போது முதுகில் மாட்டிக்கொள்ளும் சிலிண்டர்களுக்கு மூச்சுக்காற்று நிரப்பித் தருவது எங்கள் தொழில். கம்ப்ரஸர் ஃபில்டரை நான்தான் மாற்றுவேன். ஒரு நாள் காதர் பாய் என்று என் வயதுக்காரர் ஒருவர் சைக்கிள் கேரியரில் மஞ்சள் சிலிண்டர் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வளைகுடாவில், கப்பலின் அடிப்பாகம் சுரண்டும் டைவர்களுக்குக் கயிறு பிடிக்கும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். திருச்சியின் பழைய பகுதியில் வீடு. எல்லாரும் டேப் ரிக்கார்டரோடு வருவார்கள். இவர் ஒரு சிலிண்டர், ஒரு ரெகுலேட்டர், ஒரு மாஸ்க்கோடு வந்திருந்தார். அவர் சம்சாரம் சொன்னது தெருவுக்கே மனப்பாடம்: “ஊர்ல உள்ள மனுசன் எல்லாம் சென்ட்டு கொண்டாந்தாங்க. என் மனுசன் காத்து கொண்டாந்திருக்காரு.”

சிலிண்டரை நிரப்பிவிட்டு, ரெகுலேட்டரை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். கேட்ட அளவுக்குக் காற்று வந்தது. கேட்காதபோது சும்மா இருந்தது. இத்தனை மரியாதை தெரிந்த சாமானை அதுவரை நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து கனவெல்லாம் எனக்குப் பாசிப் பச்சைத் தண்ணீருக்கு அடியில்தான்.

அந்தச் சமயத்தில்தான் சந்தானம் பட்டறைக்கு வந்தார். ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். “முங்கத் தெரிஞ்சவன் நிறைய இருக்கான், ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சவனும் நிறைய இருக்கான். ரெண்டும் ஒரே ஆளா கிடைக்க மாட்டேங்குது சார்” என்று எங்கள் முதலாளியிடம் அலுத்துக்கொண்டார். நான் கையைத் தூக்கினேன். “எத்தனை தடவை முங்கியிருக்கீங்க?” என்றார். ஒரு தடவைகூட இல்லை. “இருபது தடவை முங்கிட்டுச் சொல்லி அனுப்புங்க. நானே வந்து பாக்கறேன்.”

இருபது தடவை. எங்கே முங்குவது? ராமேஸ்வரம் என்றால் பஸ், அறை, படகு. எங்கள் கைக்கு எட்டாது. நீச்சல் குளத்து மேனேஜர், “மெம்பர்ஸ் பயந்துருவாங்கங்க. கேஸ் கசியுதுன்னு பாக்க வந்த ஆளு மாதிரி இருக்கீங்க” என்று வாசலோடு அனுப்பிவிட்டார். முக்கொம்பில் காவிரிக்குப் போனோம். காவல்காரர் தண்ணீரைக் காட்டி, “அதுக்கு எங்க போறோம்னு தெரியும். உங்களுக்குத் தெரியுமா?” என்றார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தோம். ஊருக்குத் தெற்கே கைவிட்ட கல்குவாரி ஒன்றில் கண்ணாடி போலத் தண்ணீர் கிடந்தது, இலவசம். ஆனால் நாலு பக்கமும் செங்குத்துப் பாறை, முதுகுச் சுமையோடு ஏறி வர வழி கிடையாது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு நந்தவனக் கிணறு. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “பெருமாளுக்குப் புஷ்பம் வளர்ற தீர்த்தம் ஸ்வாமி இது. ரப்பரோட எறங்கப்படாது. தேவரீர் தாராளமா எழுந்தருளலாம். வாகனம் மட்டும் வெளியில நிக்கட்டும்” என்று முதுகுச் சிலிண்டரைக் காட்டினார். காதர் பாய் திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தார்.

2. பாதாளக்கரண்டி

கடைசியில் பிடிபட்டது ஜீயபுரம். மாடு பூட்டிக் கவலைச் சாலால் தண்ணீர் இறைத்த காலத்தில் வெட்டிய கிணறு. ஒரு வீட்டையே உள்ளே இறக்கலாம். அடி வரைக்கும் கல்படி. கோடையில் வாய்க்கால் வறண்டுவிட்டால் தங்கம்மாளின் வாழைக்கு அந்தக் கிணறுதான் கதி. எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, கிணத்துல ஏதாச்சும் விழுந்து கிடக்குதா? எடுத்துத் தர்றோம். பதிலுக்கு முங்கிப் பழக விட்டாப் போதும்” என்றேன்.

“என் மாமியார் காலத்துலேருந்து எல்லாம் அங்கதான் கிடக்கு. மாமியாரைத் தவிர எல்லாமே விழுந்திருக்கு” என்றார்.

ஒரு நிபந்தனை போட்டார். கிணற்றில் விழுந்த வாளியைக் கொக்கி போட்டு எடுக்கும் பாதாளக்கரண்டியை யாராவது இரவல் கேட்டால், பதிலுக்கு ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுத்தான் வாங்கிப் போக வேண்டும் என்பது வழக்கம். “நீங்க ரெண்டு பேரும் கரண்டியே நாங்கதான்னு வந்து நிக்கிறீங்க. எதை வெக்கப் போறீங்க?” என்றார். எங்கள் டிபன் கேரியரை வைத்தோம். திறந்து முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார். “சோறு மேல இருந்தா ஆளு எப்படியும் மேல வந்துரும்.”

காதர் பாய் முதலில் அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். அணையவில்லை, விஷக்காற்று இல்லை. பிறகு எனக்கு ஒரே ஒரு பாடம் சொன்னார்: “மேல வரும்போது மூச்சைப் பிடிக்காதே ஆரோக்கியம். பிடிச்சா நெஞ்சு வெடிச்சுரும். முணுமுணுன்னு பேசிக்கிட்டே வர்ற மாதிரி விட்டுக்கிட்டே வா.” எனக்குப் பேசச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இறங்கினேன். ஏழெட்டுப் படி வரை நான் கிணற்றில் இறங்கும் மனிதன். அதற்குக் கீழே நான் யாரென்று தெரியவில்லை. உச்சி வெயில் ஒரு தூணாக நீருக்குள் இறங்கி நின்றது. அதற்குள் தூசி போல என்னவோ மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. படிகள் பாசி மெத்தை போர்த்திக்கொண்டு கீழே போய்க்கொண்டே இருந்தன, யாரோ தினமும் அந்த வழியாக வீட்டுக்குப் போவது போல. விரல் நீளக் கெண்டை ஒன்று மாஸ்க்குக்கு முன்னால் நின்று என்னைப் பார்த்தது. நான் மூச்சு விட்டால் விலகும், இழுத்தால் திரும்பி வரும். மேலே தங்கம்மாள் எதற்கோ சத்தம் போட்டார். வேறொரு ஊரில், வேறொரு வருஷத்தில் கேட்ட குரல் மாதிரி இருந்தது. எத்தனை நேரம் இருந்தேனோ, காதர் பாய் கயிற்றை இழுத்துத்தான் என்னை வரவழைத்தார்.

அன்றைக்கு ஒரு பித்தளைக் குடம் கொண்டுவந்தேன். தங்கம்மாள் அதைப் புரட்டிப் பார்த்து, “இதைப் போட்டவ நான்தான்னு கண்டுபிடிக்காமலேயே மாமியார் போய்ச் சேர்ந்தாங்க” என்றார்.

3. குழாய் உறுமிய நாள்

மூன்றாவது முழுக்கு. மும்முனைக் கரண்டு முறை வைத்து வரும் காலம் அது. வரும் நேரத்தில் ஆள் இல்லாவிட்டாலும் மோட்டார் தானாக ஓட வேண்டும் என்று, ஸ்டார்ட்டர் பட்டனில் குச்சியைச் செருகி வைத்துவிடுவார்கள். ஊர் முழுக்க அப்படித்தான். தங்கம்மாளும் செருகியிருந்தார். “மூணு மணிக்குத்தான் வரும்” என்றார். நாங்களும் நம்பினோம்.

பதினொன்றரைக்கே வந்துவிட்டது. நான் உறிஞ்சுகுழாயின் அடிவாயில், சல்லடை மூடிய ஃபுட்வால்வுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைத் தடவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் முழுக்க ஒரு உறுமல். எங்கிருந்து என்று புரிவதற்குள் என் பனியன் நுனி சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. மற்றதெல்லாம் அத்தனை அமைதியாக இருந்தது. வெயில் தூண் அப்படியே நின்றது, கெண்டை அப்படியே நின்றது. நான் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று உறுமல் நின்றது. பனியன் விட்டது.

மேலே வந்து பார்த்தால், தங்கம்மாள் மோட்டாரை அணைத்துப் பிடுங்கிய குச்சியைக் கையில் பிடித்தபடி மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. வரப்பில் விழுந்து எழுந்து ஓடியிருக்கிறார். காதர் பாய், “இன்னிக்கோட போதும் ஆரோக்கியம், பெட்டியைக் கட்டு” என்றார்.

தங்கம்மாள் அவரைப் பேச விடவில்லை. எழுந்து கொட்டகைக்குள் போனார். மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பலகையிலிருந்து பிடுங்கினார். ஒன்றை மட்டும் பிடுங்கினால் போதாது, மற்ற இரண்டிலும் மோட்டார் உறுமி கம்பிச்சுருள் எரியும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு மஞ்சப்பையில் போட்டு என்னிடம் நீட்டினார். “கரண்டி வாங்குறவங்க பாத்திரம் வெக்கணும்னு சட்டம் பேசினேன்ல? ஆளை இறக்குறவ நான், நான் எதை வெச்சேன்? இந்தாங்க. நீங்க மேல வர்ற வரைக்கும் மூணு கட்டையும் உங்களோடது.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு முழுக்குக்கும் அந்தப் பை தண்ணீருக்கு மேலே உள்ள கடைசிப் படியில், என் செருப்பின் மேல் இருக்கும். அந்தச் செருப்புக்குச் சொந்தக்காரனைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது.

பிள்ளைகளே, என் தொழிலில் நான் கற்ற பாடம் இவ்வளவுதான். பிற்பாடு பெரிய பெரிய அணைகளில் இறங்கினேன். இன்ஜினியர்கள், “ஸ்விட்ச் ஆஃப்லதான் சார் இருக்கு, ஆளை நிறுத்தியிருக்கோம்” என்பார்கள். சிரித்துக்கொண்டே ஃபியூஸைக் கேட்டு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் பெல்ட்டைக் கட்டுவேன். மலிவான இடம் தேடுங்கள், தப்பில்லை. கிணறு, குளம், குவாரி எதுவானாலும் இறங்கும் முன் மூன்று கேளுங்கள்: ஏறி வரப் படி இருக்கிறதா, கயிறு பிடிக்க ஆள் இருக்கிறாரா, தண்ணீரை இழுக்கும் எந்திரத்தின் சாவி யார் கையில்?

ஒரே ஒரு நாள்தான், இருபது முழுக்கு முடித்துச் சந்தானத்தை வரவழைத்த அன்றைக்கு, அந்தப் பையை நான் வேறொருவர் கையில் விட்டேன்.

4. முப்பது நிமிஷம்

“என் மோட்டாரு, என் வாழை. இன்னிக்கு என் கையிலதான் இருக்கும்” என்று தங்கம்மாள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் அவசரம் எனக்குப் புரிந்தது. கரண்டு வந்ததும் முதலில் போடுகிறவர்கள் மோட்டார்தான் ஓடும். பத்துப் பேர் போட்டுவிட்டால் வோல்டேஜ் இறங்கிப்போகும்; அப்புறம் மற்றவர்கள் மோட்டார் முனகும், சுற்றாது.

காதர் பாய் என் காதோடு, “வேணாம்டா, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்” என்றார். சந்தானம் இன்னொரு நாள் வருவாரா? நான் மாஸ்க்கை இறக்கிக்கொண்டேன். தப்புதான். வேலை ஆசை.

எட்டு போல்ட் முடுக்கிய இரும்புத் தகடு ஒன்றைக் கயிற்றில் இறக்கியிருந்தார்கள். எல்லாவற்றையும் கழற்றி, ஒரு நட்டுகூடச் சேற்றில் விடாமல், மறுபடி மாட்ட வேண்டும். முழங்காலிட்டு உட்கார்ந்தேன். முதல் நாலு போல்ட் வரை என் கவனமெல்லாம் இடுப்புக் கயிற்றில்தான் இருந்தது. இப்போது இழுப்பாரா, இப்போது இழுப்பாரா. ஆறு நாளாக மோட்டார் ஓடாததால் தண்ணீர் அன்றைக்கு அப்படித் தெளிந்திருந்தது. கழற்றிய நட்டுகள், அவற்றைப் போட்டுவைக்கக் கொண்டுபோன என் தொப்பிக்குள் மினுமினுத்தன. ஸ்பேனர் திரும்பும் சத்தம் கிணறு முழுக்க மணி மாதிரி கேட்டது. எந்த நட்டிலோ கயிற்றை மறந்துவிட்டேன். வெயில் தூண் என் தோளுக்கு வந்தது, கைக்கு வந்தது, தகட்டுக்கு வந்தது. யாருடைய கையோ வேலை செய்ய நான் வேடிக்கை பார்ப்பது போல இருந்தது. எட்டாவது போல்ட்டை முடுக்கிவிட்டு, மூச்சை விட்டுக்கொண்டே மேலே வந்தேன்.

தலை வெளியே வந்ததும் காதில் விழுந்தது மோட்டார்ச் சத்தம். நாலு பக்கத் தோட்டங்களிலும் ஓடிக்கொண்டிருந்தது.

“எப்ப வந்துச்சு பாய்?”

“நீ இறங்கின பத்தாவது நிமிஷம்” என்றார் காதர் பாய். “கயித்தைக் கையில எடுத்தாங்க, இழுக்கல. எண்ண ஆரம்பிச்சாங்க. நூறு வந்ததும் மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணுறாங்க. நானும் எத்தனை நூறுன்னு பாத்தேன், விட்டுட்டேன்.”

சந்தானம் தகட்டைப் புரட்டி ஒவ்வொரு நட்டையும் விரலால் திருகிப் பார்த்தார். “இருபத்தெட்டு நிமிஷம். திங்கக்கிழமை வந்துருங்க” என்றார்.

தங்கம்மாள் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. நான் கடைசிப் படி ஏறி, கயிறும் மேலே வந்து சேர்ந்த பிறகு, கொட்டகைக்குள் போய் மூன்று கட்டைகளையும் செருகிப் பட்டனை அழுத்தினார். மோட்டார் முனகியது. சுற்றவில்லை. சட்டென்று அணைத்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் பார்த்தார். அதே முனகல்.

நான் ஈரத்தோடு போய் நின்றேன். “அக்கா…” என்றேன்.

“அஞ்சு மணிக்கு ஒவ்வொருத்தரா அணைப்பாங்க. அப்புறம் நம்மது ஓடும். அது வரைக்கும் கிணறு சும்மாதானே கிடக்கப்போவுது” என்றார். பலகையிலிருந்து மூன்று கட்டைகளையும் மறுபடி பிடுங்கினார். ஒவ்வொன்றாக முந்தானையில் துடைத்து, மஞ்சப்பைக்குள் போட்டு, என் கையில் கொடுத்துவிட்டு, ஓரத்து வாழைக்காவது ஊற்றலாம் என்று, முதல் நாள் கிணற்றடியிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த அந்தப் பித்தளைக் குடத்தோடு படியிறங்கினார்.