மணவாளக்குறிச்சி ஐஸ் பிளான்டில் எங்கள் ரன்டைம்

போன மாதம் ஒரு புதன்கிழமை மாலை சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் ஏறினேன். கோயிலுக்கோ கடலுக்கோ இல்லை, ஒரு பிழையைப் பார்க்க. நாங்கள் ஐந்து பேர் ஒரு பழைய நிரல்மொழிக்குக் கட்டற்ற ரன்டைம் எழுதிவருகிறோம். அந்த மொழியில் எழுதிய நிரல்களை ஓட்டும் மென்பொருள் அது. அசல் ரன்டைமை விற்ற நிறுவனம் உரிமம் தருவதை நிறுத்திவிட்டது. ஐஸ் பிளான்டில் வேலை செய்யும் ஸ்டெல்லா தன் நிரலை அந்த மொழியில்தான் எழுதியிருக்கிறார். தண்ணீர் ஊற்றி உறையவைக்கும் கேன்களில் எந்த வரிசையை எத்தனை மணி நேரத்தில் தூக்க வேண்டும் என்று அது சொல்லும். அசல் ஓடும் பழைய கணினி சாகக் கிடக்கிறது. எங்கள் ரன்டைமில் ஓட்டினால் சில நாள் மட்டும் ஐஸ் நடுவில் உறையாமல் தண்ணீராக நிற்கிறது. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் முதலாளி வேறு ஆளையும் வேறு மென்பொருளையும் கொண்டுவருவார். ஸ்டெல்லாவுக்கு வேலை இருக்காது.

ஸ்லீப்பர் 415 ரூபாய். காலை 7.10க்கு நாகர்கோவில். அண்ணா பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ 80 ரூபாய். ஐஸ் பிளான்ட் என்றதும் ஓட்டுநர், "அங்க பாக்கதுக்கு என்ன சாரே உண்டு?" என்றார். நல்ல கேள்விதான். பேருந்தில் 20 கிலோமீட்டர், 55 நிமிடம், 22 ரூபாய்.

ஸ்டெல்லாவின் தம்பி ஜெரால்டும் அங்கே இருந்தார். அசலை விற்ற அந்த நிறுவனத்திலேயே துபாயில் நான்கு வருடம் வேலை பார்த்தவர். அசலின் மூலநிரலைப் படித்தவர். எங்கள் விதிப்படி, அதைப் படித்தவர் எங்களுக்கு ஒரு வரிகூட எழுதித் தரக் கூடாது, வாயாலும் சொல்லக் கூடாது. மீறினால் நாளைக்கு வழக்கு வரும்போது எங்கள் உழைப்பெல்லாம் திருட்டு என்றாகிவிடும். ஜெரால்டு என் திரையை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போனார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"ஏலே, ஒனக்குத் தெரியும்லா? சொல்லித் தொலையேன். எனக்க வேல போவுது," என்றார் ஸ்டெல்லா.

"நான் பறையப்பிடாது அக்கா. சொன்னா இவங்களுக்க வேல மொத்தமும் போவும்."

விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் அந்த நேரத்தில் ஜெரால்டுமேல் எரிச்சல்தான் வந்தது.

வேறு வழியில்லாமல் ஸ்டெல்லா பழைய கணினியில் எண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து விடையைச் சொன்னார்; நான் எங்களுடையதோடு ஒப்பிட்டேன். பதின்மூன்றரைக்கு இரண்டிலும் பதினான்கு. பதினாலரைக்கு அதில் பதினைந்து, எங்களுடையதில் பதினான்கு. முழு மணியாக்கும்போது அரை வந்தால் அசல் எப்போதும் மேல் எண்ணுக்குப் போகிறது. எங்களுடையது பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகிறது. இதைப் பிடிக்க மதியம் 1.40 ஆனது. திருத்தம் இரண்டே வரி. அன்று பதினாலரை வந்த வரிசையை மறுநாள் பதினைந்து மணி நேரத்தில் தூக்கி உடைத்துப் பார்த்தோம். நடுவரை கட்டி. ஸ்டெல்லா சிரித்தார், தம்பியைப் பார்த்து அல்ல.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: இரண்டு நாள் ஒதுக்குங்கள். நாகர்கோவிலில் அறை 800 ரூபாய். பிளான்டுக்குள் செருப்பு வழுக்கும். அசலைப் படித்தவர் யாராவது இருந்தால் விதியை எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். நான் சங்கடப்படுத்தினேன், இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஜெரால்டுதான் பைக்கில் நிறுத்தம் வரை கொண்டுவிட்டார். அக்கா பேசினாரா என்று கேட்டேன்.

"நேத்துலேர்ந்து சோறு போட்டுத் தரல்ல."

"அரைதானே பிரச்சினை? இப்பவாவது சொல்லுங்க."

அவர் சாலையைப் பார்த்தபடி, "பஸ் வருது சாரே," என்றார்.