வித்தியாசம் பூஜ்யம்

அந்தப் பெரிய கம்பெனியின் நிதிப் பிரிவில் வரி மென்பொருளுக்கெல்லாம் அவள்தான் தலைமை. இந்த வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிடும். "கம்ப்யூட்டர் வேலை" என்பார் கணவர். "இல்ல, வரி ஆபீஸ்ல இருக்கா" என்பார் மாமியார். ஆபீசில் மட்டும் என்ன வாழ்ந்தது? கணக்குக்காரர்களுக்கு அவள் கம்ப்யூட்டர் ஆள், கம்ப்யூட்டர்காரர்களுக்கு அவள் கணக்கு ஆள். இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கியே பதினெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள், பாவம்.

இப்போது அவளே அடம்பிடித்து ஒரு புது மென்பொருள் வாங்க வைத்திருந்தாள். மூன்று மாதமாகப் பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே வரித்தொகையைக் காட்டின. வித்தியாசம் பூஜ்யம். இன்று நாலு மணிக்குள் அவள் கையெழுத்துப் போட்டால் பழையது நின்றுவிடும், புதியது மட்டும் ஓடும். அதன் பிறகு அரசாங்கத்துக்குப் போகும் ஒவ்வொரு கணக்குக்கும் அவள் தலைதான் உருளும்.

பேனாவை எடுத்தவள் பாதியில் நிறுத்தினாள். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சரக்குக்கு வரியைக் கழிக்கப் பழையதற்குத் தெரியாது. வருஷக் கடைசியில் கையால்தான் சரிசெய்வார்கள். அந்தத் தொல்லை தீரத்தானே புதியதே வந்தது! பிறகு இரண்டும் எப்படி ஒரே தொகையைக் காட்டும்? மூன்று மாதமும் சரக்கே திரும்பவில்லையோ என்று பார்த்தாள். குவிந்து கிடந்தது.

எதிர் மேஜையில் மூத்த கணக்காளர் இருந்தார். ஒரு தசமப் புள்ளி இடறினாலும் சாப்பாடு இறங்காதவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'புள்ளி சார்'.

"சார், இது எப்படி ஒத்துப்போகுது?"

"முதல் மாசம் இடிச்சுது மேடம். அதான் புதுசுக்கு அனுப்புற பட்டியல்லேருந்து திரும்பி வந்த சரக்கை எடுத்துட்டேன். அப்புறம் கச்சிதமா உட்கார்ந்துருச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வித்தியாசம் வந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீங்க. பூஜ்யம் வந்தா எல்லாருக்கும் கேக் வாங்கித் தர்றீங்க. நான் என்ன செய்யட்டும்?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எடுத்ததையெல்லாம் திரும்பச் சேர்க்கச் சொல்லி மறுபடி ஓட்டினாள். அந்தச் சரக்கின் வரியளவு வித்தியாசம் வந்திருந்தால் நிம்மதியாகியிருப்பாள். வந்ததோ அதைப்போல மூன்று மடங்கு. மிச்சம் எங்கிருந்து முளைத்தது? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் நிதி இயக்குநர் போன் செய்தார்.

"கையெழுத்து ஆச்சாம்மா?"

"இல்ல சார். பழசு தப்பு. புதுசும் சரின்னு சொல்ல முடியல. எங்க தப்புன்னு எனக்குத் தெரியல."

"மூணு மாசமா சரியா வந்துச்சேம்மா?"

"அது தானா வரல சார். நான் கேட்டேன்னு வந்துச்சு."