மூன்றாம் வரிசையில் அம்மா

நெதர்லாந்தின் ஐந்தோவனில் எங்கள் பக்கத்து வீட்டு வில்மாவின் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. அதில் கிழமையும் இருக்காது, ஆண்டும் இருக்காது. சொந்தக்காரர்களின் பிறந்தநாள்கள் மட்டும் கையால் எழுதியிருக்கும். டச்சில் அதை ஃபர்யார்டாக்ஸ்கலெண்டர் என்பார்கள். இந்த நாட்டில் அநேகமாக எல்லா வீட்டிலும் அதற்கு இடம் கழிப்பறைதான். வந்த புதிதில் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பெரியவர்கள் பெயரை அங்கேயா மாட்டுவது? போகட்டும், அவரவர் வழக்கம். ஒருநாள் அவர் வீட்டுக்குக் காபி குடிக்கப் போனவன், மரியாதைக்காக, "இந்த வாரம் உங்கள் தம்பிக்குப் பிறந்தநாளாமே, என் வாழ்த்தைச் சொல்லுங்கள்" என்றேன். வில்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அவன் செத்து வெகுகாலம் ஆகிறது" என்றார். பெயரை அடிக்கவில்லையே என்று கேட்டேன். "ஏன் அடிக்க வேண்டும்? பிறந்தது உண்மைதானே" என்று கேக்கை என் பக்கம் தள்ளினார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு வம்சப் படம் போட்டு வைக்கலாம் என்று எக்செல்லைத் திறந்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். அதில் பெயர், ஊர், தோற்றம். போனவர்களுக்கு மட்டும் கடைசி வரியாக மறைவு. தாத்தாவும் ஆயாவும் மேல் வரிசை, அவர்களுடைய பிள்ளைகள் இரண்டாம் வரிசை, பேரப்பிள்ளைகள் மூன்றாம் வரிசை. அம்மா வசந்தாவிடம் வந்ததும் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம். நைனா கட்டியது சொந்த அக்கா மகளை. ஆகவே அம்மா அவருடைய மனைவியாக இரண்டாம் வரிசையிலும் நிற்க வேண்டும், அக்கா மகளாக மூன்றாம் வரிசையிலும் நிற்க வேண்டும். உங்களில் பலர் வீட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு, எனவே சிரிக்காதீர்கள். அலுவலகத்தில் என் திரையை எட்டிப் பார்த்த டச்சு நண்பர், "உன் அம்மாவுக்கு இரட்டைச் சகோதரி உண்டா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கி மாளுமா! அம்மாவின் கட்டத்தை, அதன் கீழே இருந்த என் கட்டத்தோடு சேர்த்து நகலெடுத்து, மூன்றாம் வரிசையிலும் ஒட்டினேன்.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். காரியம் முடிந்து ஐந்தோவன் திரும்பியதும் இரண்டு கட்டத்திலும் மறைவுத் தேதியைப் போட்டேன். இந்த வருஷம் திதிக்காக மந்தைவெளி வீட்டுக்கு வந்தபோது எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. வருகிற சொந்தங்கள் பார்க்கிற மாதிரி படத்தை அச்செடுத்துக் கூடத்துச் சுவரில் ஒட்டுவது ஒன்று. நைனாவைக் கையோடு அழைத்துப் போவது இன்னொன்று. சர்க்கரையை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறார். விசாவும் வந்துவிட்டது. "அங்க குளுருக்கு இன்னா போட்டுக்கறது சேகரு?" என்று கேட்டு, சூட்கேஸில் ஒரு ஸ்வெட்டரை வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவரும் தயாராகியிருந்தார்.

நைனாவின் பழைய பிரின்டரில் நாலு ஏ ஃபோர் தாளாக எடுத்து, ஓரம் கத்தரித்து ஒட்டினேன். கோடுகள் சேரவில்லை. மேல் தாளில் இறங்கிய கோடு ஒரு விரல் முன்பாகவே நின்றுவிட்டது. மூன்றாம் வரிசை இருந்தது மேல் தாளின் அடியில். அந்த அடி ஓரம் அச்சிலேயே வெட்டுப்பட்டிருந்தது. அந்த வரிசையில் மற்ற எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள். வெட்டுப்படுவதற்கு அவர்களுக்குக் கடைசி வரி கிடையாது. அம்மாவுக்கு மட்டும் மறைவு என்ற வரி காணாமல் போயிருந்தது. நைனா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். மேலே ஒரு வசந்தா, தேதியோடு. கீழே ஒரு வசந்தா, தேதி இல்லாமல். "இவ கீறாளே" என்றார்.

மறுநாள் காலையில் வாங்கிய முல்லைச் சரம் அம்மாவின் படத்துக்குப் போகவில்லை. தலைக்கு வைத்துக்கொள்ள எடுத்துவைத்த மாதிரி, தண்ணீர் தெளித்து இலையோடு மேசைமேல் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"உயிரோட கீறவ படத்துக்கு எவனாவது மாலை போடுவானா?"

குரலில் துக்கமே இல்லை. சூட்கேஸிலிருந்த ஸ்வெட்டரும் வெளியே வந்திருந்தது. "அவள உட்டுட்டு எப்டிடா வர்றது?" என்றார்.

அந்த ஒரு வரி அச்சில் வந்துவிட்டால் போதும், நைனா படத்துக்குப் பூ வைத்துவிட்டு என்னோடு விமானம் ஏறிவிடுவார் என்று தோன்றியது. எழுத்தைச் சிறிதாக்கினேன். மார்ஜினைக் குறைத்தேன். தாளைத் திருப்பிப் போட்டேன். ஒருமுறை வரியின் மேல்பாதி மட்டும் வந்தது, கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பவர்களைப் போல எழுத்துகளின் தலை மட்டும். அடுத்த முறை அதுவும் இல்லை. பிரின்டருக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பயமாக இருந்தது. பென் டிரைவை எடுத்துக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

"அஞ்சலி போஸ்டரா சார்? போட்டோவே குடுக்கலியே" என்றார் கடையிலிருந்த பெண்.

வம்சப் படம் என்றேன். திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தவர், "இந்தம்மா ரெண்டு வாட்டி கீறாங்க சார். எந்தம்மாவ எடுத்துடட்டும்?" என்று மவுஸில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் பின்னாலிருந்து "சார், சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

காரணம் கடைசியில் அற்பமாகத்தான் இருந்தது. பிரின்டர் அமைப்பில் தாள் அளவு லெட்டர் என்று இருந்தது. அது அமெரிக்கத் தாள், நம் ஏ ஃபோரைவிடக் கட்டை. தாளின் அடியில் இருந்த அந்த விரல் அகலத்தைப் பிரின்டர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. ஏ ஃபோர் என்று மாற்றி, அளவை நூறு சதவீதத்தில் நிறுத்தி எடுத்தேன். கோடோடு கோடு சேர்ந்தது. மூன்றாம் வரிசை அம்மாவுக்குக் கீழே மறைவும் தேதியும் பளிச்சென்று வந்திருந்தன. இத்தனை நிம்மதியோடு அம்மாவின் சாவுத் தேதியைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை.

நைனா புதுத் தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தார். அவர் முகத்தில் குழப்பம் எதுவும் இல்லை.

"மேல கீறது உங்கம்மா. என் பொண்டாட்டி. அவ போய்ட்டா, எனக்குத் தெரியாதா? கீழ கீறது எங்க அக்கா பொண்ணுடா. டவுசர் போட்ட வயசுலயே இவள இடுப்புல தூக்கிகினு குளத்தச் சுத்தி வந்தவன் நான். இவள நான் எங்கயும் கொண்டுபோய் உட்லியே?"

அவர் சுவரில் இருந்த பழைய படத்தில், அந்தத் தேதியில்லாத அம்மாவுக்குக் கீழே விரல் வைத்தார். "இதோ பாரு, நீகூட ரெண்டு எடத்துல கீற."

பார்த்தேன். மேலே இருந்த சேகருக்கு ஊர் ஐந்தோவன். கீழே இருந்த சேகருக்கு ஊர் மந்தைவெளி. முதலில் எல்லாக் கட்டத்துக்கும் மந்தைவெளி என்றே நிரப்பியிருந்தேன். பிறகு மேலே திருத்தியவன் கீழே திருத்த மறந்திருக்கிறேன். நைனா புதுத் தாள்களை மடித்து பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். பழைய படம் சுவரிலேயே இருந்தது. திதிக்கு வந்த சொந்தங்கள் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. விமானத்தில் பக்கத்து இருக்கை காலியாக வந்தபோதுதான் அழுகை வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறேன். இங்கே காலையாக இருக்கும்போது அங்கே சாப்பாட்டு வேளை. போன வாரம் வெகுநேரம் மணி அடித்த பிறகுதான் நைனா எடுத்தார்.

"அப்புறம் பேசட்டுமா? சேகரு குளிச்சிட்டு வந்து குந்திகினு கீறான். சோறு போடணும்."

சேகர் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா போன பிறகு அவர் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. நைனா ஃபோனை ஒட்டித்தான் நின்றிருந்தார், அவர் மூச்சு என் காதில் விழுந்தது. அவருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"இன்னா கொழம்பு?" என்று கேட்டேன்.

"நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு. அவனுக்கு ரொம்பப் புடிக்கும்."

"ஆமா நைனா," என்றேன். "அவனுக்குப் புடிக்கும்."