“ஓனர் சாப்பிடுறாங்க, பொறுங்க!” என்ற கலைவாணி சிஸ்டர்

காலை ஊசியை வயிற்றில் போட்டுக்கொண்டு இட்லித் தட்டை இழுத்தேன். போன் அடித்தது. சர்க்கரை கிளினிக்கிலிருந்து பேசினார்கள். நர்ஸ் கலைவாணி சிஸ்டர் விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டாராம். “யாரு, நம்ம சிஸ்டரா?” என்று இரண்டு முறை கேட்டேன். தட்டை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து இரண்டு இட்லியைக் கட்டி என் பையில் திணித்தார்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில், எனக்கு ஒரு டிபன் கடை. சில வருடங்களுக்கு முன், மாத்திரைக்குச் சர்க்கரை அடங்கவில்லை என்று டாக்டர் இரண்டு வேளை இன்சுலின் எழுதினார். ஊசி என்றாலே கடைசிக் கட்டம் என்று நினைத்து, கிளினிக்கிலேயே ஓவென்று அழுதேன். சிஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார்!

“பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தியானா கடைக்குக் கூடுதலா ஆள் போடுறீங்க இல்ல? அதுக்காக, கடையே போச்சுன்னா அர்த்தம்? மாத்திரையும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். இந்த ஒரே பாட்டில்ல ரெண்டு மருந்து கலந்திருக்கு. ஒண்ணு ஓடும், ஒண்ணு நடக்கும். ஓடுறது வந்து நிக்கறப்போ உங்க வயித்துல சோறு இருக்கணும். அவ்ளோதாங்க!”

பாட்டிலைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டக் கற்றுக்கொடுத்தார். சோறு விஷயத்தைத்தான் நான் கோட்டை விட்டேன்.

கார்த்திகை தீபத்தன்று, மலை உச்சியில் தீபம் தெரியும்வரை எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடமாட்டோம். அந்த வருடம் காலை ஊசியை நானாகவே விட்டுவிட்டேன். தீபம் பார்த்த கையோடு சாப்பிடலாமே என்று சாயந்திரம் ஐந்தரைக்கே அடுத்த ஊசியைப் போட்டேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு! ஆறு மணிக்குத் தீபம் தெரிந்ததுதான் தாமதம், அரோகரா சத்தம் காதைப் பிளந்தது, கூட்டம் கடைக்குள் பாய்ந்தது. பத்துப் பேருக்குப் போட்டுவிட்டு உட்காரலாம் என்று பார்த்தேன். பத்து நூறானது. வேர்த்துக் கொட்டி, கண் இருட்டி, தொப்பென்று விழுந்தேன்.

நல்ல காலம், கிரிவலம் வந்த சிஸ்டர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். சர்க்கரையைக் குழைத்து ஈறில் தடவி, நான் கண்ணைத் திறந்ததும் பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி! “கேசரி அண்டா முன்னாடி நின்னுக்கிட்டு, சக்கரை கம்மியாகி விழுந்தவங்க உலகத்துலயே நீங்க ஒருத்திதாங்க!”

இனி விரதமே கூடாது என்பார் என்று பயந்தேன். அவரோ அடுத்த வருடம் டாக்டரிடம் சண்டை போடாத குறையாகப் பேசி, அன்று ஒரு நாளைக்கு மட்டும் அளவையும் நேரத்தையும் மாற்றி வாங்கித் தந்தார். தீபம் பார்த்து, எனக்கு இலை போட்ட பிறகுதான் ஊசி. சொன்னதோடு விட்டாரா? தீபத்தன்று நேரில் வந்து கடை வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“பொறுங்க! ஓனர் சாப்பிடுறாங்க!”

அத்தனை கூட்டமும் நின்றது ஐயா! யாரோ ஒருவர் உற்சாகத்தில் அதற்கும் ஒரு அரோகரா போட்டார். சிரிப்பில் எனக்குப் புரையேறியது. அதற்குப் பிறகு வந்த மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு நன்றாகக் குறைந்திருந்தது. சிஸ்டர் கைதட்டிக் குதித்ததில் டாக்டரே எழுந்து வெளியே வந்து பார்த்தார்.

இன்று டவுனில் அவர் வீட்டுக்குள் நுழைந்து, அவரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியருகில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே விரல்கள் நடுங்கின, முதுகு வேர்த்தது. துக்கம் இல்லை இது, எனக்குத் தெரியும். உடல் எடுக்கும்வரை சாப்பிடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. இருந்தாலும் பொட்டலத்தைப் பிரித்தேன்.

“எடுக்கறதுக்கு முன்னாடியே கை நனைக்கிறியே, அடுக்குமா?” என்றார் பக்கத்தில் இருந்த அம்மாள்.

“அடுக்கும்மா! ஊசி போட்டுட்டேன். சாப்பிடலைன்னா இவங்கதான் எழுந்து வந்து திட்டுவாங்க!” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, அழுதபடியே இரண்டு இட்லியையும் விழுங்கினேன். பிறகு அவர் காதருகில் குனிந்தேன்.

“சாப்பிட்டுட்டேன் சிஸ்டர். கொஞ்சம் லேட்டுதான். இந்த ஒரு தடவை திட்டாம போங்க.”