போணிக்கு முன்னால் தொடாதீங்க

காய்கறி மார்க்கெட்டைக் காசு கொடுத்துச் சுற்றிப் பார்க்கவும் ஆட்கள் உண்டு. அவர்களை மேய்ப்பது என் தொழில். காலை ஆறு மணிக்குக் கோவையின் பழைய மார்க்கெட்டுக்குள் கூட்டிப்போய், கடை கடையாக ருசி காட்டி, கடைசியில் சந்தகை என்கிற எங்கள் ஊர் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வாங்கிக்கொடுத்து அனுப்ப வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்தவர்களை வைத்துக்கொண்டு படும் பாட்டை, என்னைப் போலவே ஊர் சுற்றிக் காட்டக் கூட்டம் சேர்த்துக்கொண்டு அலையும் வழிகாட்டிகளான உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

முகர்ந்து பார்த்த அம்மா

சரவணம்பட்டி அடுக்குமாடியிலிருந்து வந்த அம்மா ஒருவர், கீரை விற்கும் மாராத்தாக்கா கடையில் கொத்தமல்லிக் கட்டை எடுத்தார், முகர்ந்தார், போட்டோ பிடித்தார், பழையபடி வைத்துவிட்டு நடந்தார். அக்காவுக்கு அன்று இன்னும் போணியாகவில்லை. முதல் வியாபாரத்துக்கு முன் சரக்கைக் கையில் எடுத்தவர் வாங்காமல் போனால் அன்றைக்கு முழுக்க விளங்காது என்பது மார்க்கெட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

கீரை வரிசையில் அக்கா வைத்ததுதான் சட்டம். அவர் வேண்டாமென்றால் மார்க்கெட்டிலேயே ஒருவரும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். எனக்கு ஆட்களை அனுப்பும் டூர் கம்பெனிக்காரர்களும் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். அக்கா கத்தவில்லை. கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார்: "இன்னொருக்கா போணிக்கு முன்னால தொட்டுப்போட்டுச் சும்மா போனாங்கன்னா, இந்த வரிசைக்கே வராத கண்ணு."

ஆர்கானிக் தம்பி

கழுத்தில் துண்டோடு வந்த இளைஞர் எதைப் பார்த்தாலும் "ஆர்கானிக்கா?" என்றார். முருங்கைக்காய்க்குக் கேட்டார். புளிக்குக் கேட்டார். உப்பு மூட்டைக்கும் கேட்டார் என்றால் நம்புவீர்களா? தொண்டாமுத்தூரிலிருந்து பூசணிக்காய் கொண்டுவந்திருந்த தோட்டத்துக்காரர் அதுவரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க தம்பி, முந்தாநேத்து யானை வந்து பாதிப் பூசணிக்காட்டைத் தின்னுபோட்டுப் போச்சு. அது ஒண்ணும் கேக்கலீங்களே!"

வாழைப்பழச் சொற்பொழிவு

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், முப்பது வருடமாக வாழைப்பழம் விற்கும் ஜாபர் பாய்க்கு வாழைப்பழத்தைப் பற்றி வகுப்பெடுத்தார். நேந்திரனில் தொடங்கிச் செவ்வாழைக்கு வருவதற்குள் வாங்க வந்த நாலு பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். பாய் முகம் சுளிக்காமல், வண்டியில் வந்திருந்த வாழைத்தாரைக் காட்டிச் சொன்னார்: "இத்தனை தெரிஞ்சவரு, அந்தத் தாரைக் கொஞ்சம் இறக்கி வெச்சுட்டுப் பேசுங்க சார்."

கையைக் கட்டிய ஒன்பது பேர்

போன மாதம் ஒன்பது பேர் வந்தார்கள். மாராத்தாக்காவை நினைத்து, வாசலிலேயே நிறுத்திக் கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். "வாங்கறதுன்னா தொடுங்க. இல்லீன்னா கையைக் கட்டிக்குங்க." ஒன்பது பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில், அரைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் வித்தியாசம் காட்ட, இன்னும் போணியாகாத அக்கா கடையில் ஒரு கட்டை எடுத்துத் தண்டை ஒடித்துக் காட்டினேன். திரும்ப வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்தேன். நாலடி போன பிறகுதான் பின்னால் ஒருவரும் வரவில்லை என்று தெரிந்தது. ஒன்பது பேரும் கட்டிய கையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "மேடம், போணி?" என்றது ஒரு பெண். ஓடிவந்து பத்துக் கட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அக்கா ஒடிந்த தண்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அவங்க வரட்டும் கண்ணு, மருவாதி தெரிஞ்ச ஆளுங்க. நீ கேட்டுக்கு வெளியவே நின்னுக்க."

அன்றிலிருந்து மார்க்கெட்டைச் சுற்றிக் காட்டும் நான் தெருவில் நிற்க, உள்ளே போய் வருகிறவர்கள் இன்றைக்கு என்ன கீரை வந்திருக்கிறது என்று எனக்கு விளக்கிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.