அச்சில் சிக்கிய கூடு

சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக்கூட்டை அச்சுக்குள் தள்ளுமுன், நோரீன் அதை விரல்களுக்கிடையே ஒரு சுற்று உருட்டுவாள். விரலிலிருக்கும் மசகுப் பசை கூட்டின் உடம்பில் மட்டும் ஏற வேண்டும். கழுத்தை ஒட்டிச் சரியும் கூட்டின் தோளில் பட்டால் அங்கே நசுங்கும். பசையே இல்லாவிட்டால் அச்சுக்குள் இறுகிக்கொள்ளும். உருட்டி வைத்துப் பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்துவாள்; வெடித்ததில் உப்பிப்போன கூடு பழைய அளவுக்குச் சுருங்கி வெளியே வரும். மறுபடி மருந்து நிரப்பலாம்.

கங்காரு சுடுவது அவள் புருஷன் க்ளெம்மின் பிழைப்பு. விரல் மூட்டுகள் வீங்கியதிலிருந்து அவன் பசை தொட்டால் அப்பிவிடுவான். அதனால் குவின்ஸ்லாந்தின் அந்தத் தகரக் கொட்டகைதான் அவளுடைய பிற்பகல்களாயிற்று.

அன்று அவள் மனம் கொட்டகையில் இல்லை. ரோமா ஊரில் ஒரு பள்ளி விடுதிக்குச் சமையல்காரி தேவைப்பட்டது. தங்க அறையும் உண்டு. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஐலீன், இருட்டுவதற்குள் போன் செய்து கேட்பதாகச் சொல்லியிருந்தாள். சரி என்று ஒரு சொல் போதும். க்ளெம்மிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கூடுகள் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே அடுத்ததை எடுத்து வைத்து அழுத்தினாள். கைப்பிடி பாதியில் நின்றது. பலங்கொண்டு மேலே தூக்கியதும் கூட்டின் விளிம்பு மட்டும் பிய்ந்து வந்தது.

க்ளெம் வந்து குனிந்து பார்த்தான்.

"பசை போட மறந்துட்டியா கெழவி? இத்தன வருசத்துல மொதத் தடவ. யாரு நெனப்புல இருந்த?"

"உன் நெனப்பு இல்ல."

அவன் சிரித்தான். அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவன் ட்ரில்லை எடுத்து வந்துவிட்டான். கூட்டின் அடியில் துளையிட்டு, மரையேற்றி, போல்ட்டை முறுக்கித்தான் இழுக்க வேண்டும். அவர்களிடம் இருந்தது அந்த ஒரே அச்சு. அது இல்லாமல் வேட்டை இல்லை. மேசைப் பிடிப்பானின் பல் தேய்ந்திருந்ததால் பைப் ரெஞ்சால் அவள்தான் அச்சை இறுக்கிப் பிடித்தாள். அவன் முழு எடையும் அவள் மணிக்கட்டில் இறங்கியது. பித்தளைச் சுருள்கள் அவள் முழங்கையில் சூடாக விழுந்தன. தகரத்து ஓட்டைகளில் வெளிச்சம் சிவந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குள் போன் அடித்தது.

"க்ளெம், போன்."

"கறி வாங்குறவனாத்தான் இருக்கும். அடிக்கட்டும்."

"எனக்கா இருக்கும்."

"உனக்கு யாரு பண்ணப்போறா? பிடிம்மா, இப்ப விட்டா ட்ரில் பிட் ஒடிஞ்சிரும்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. உலகம் அப்படித்தான் என்பதுபோலச் சொன்னான். அவள் விடவில்லை. போன் நீளமாக அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் கூடும் நழுவி வந்தது. அவன் அச்சைத் துடைத்து, ஒளியில் திருப்பிப் பார்த்து, கீறல் இல்லை என்றான். நீ மட்டும் இல்லையென்றால் என் பிழைப்பு நாறியிருக்கும் என்று அவள் தோளைத் தட்டினான்.

அதன்பின் நோரீன் ரோமாவுக்குப் போன் செய்யவில்லை. எடுக்காமல் விட்டதே பதிலாகிவிட்டது, இனி வெட்கங்கெட்டு எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டாள். மீதிக் கூடுகளை மறுநாள் உருட்டினாள்.

ஐலீனை அவள் மறுபடி பார்த்தது நான்கு வருடம் கழித்து, ஒரு கல்யாணத்தில். அன்று ஐலீன் போனே செய்யவில்லையாம். விடுதியில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், மறந்தே போயிற்றாம். நோரீனே கூப்பிடுவாள் என்று அந்தக் குளிர்காலம் முழுக்க வேறு ஆள் போடாமல், தானே சமைத்துக்கொண்டிருந்தாளாம்.